சிவக்குமா, கருக்குமா

என் தங்கைக்கு வெயில் ஆகாது. இப்படிச் சொன்னால் யாருக்கும் பெரிதாகத் தோன்றாது, வெயில் யாருக்குத்தான் ஆகும் என்பார்கள். ஆனால் நாங்கள் இருந்தது மரக்காணத்தில். அப்பா உப்பளத்தில் உப்பு வாருகிறவர். அம்மாவும் நானும் அந்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமக்கிறவர்கள். வெயில் காய்ந்தால்தான் எங்கள் வீட்டில் உலை வைக்க முடியும். நாலு தூறல் விழுந்தால் அப்பாவின் முகம் தொங்கிப் போகும். அந்த வீட்டில்தான் அவள் வெள்ளையாகப் பிறந்தாள்.

வெள்ளை என்றால், பெண் பார்க்க வருகிறவர்கள் சொல்கிற சிவப்பு நிறம் இல்லை. தலைமுடி, புருவம், கண்ணிமை எல்லாமே வெள்ளை. கருவிழி ஓரிடத்தில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். எட்டடிக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று அவளுக்கு முகம் தெரியாது, நடையை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். நான் அவளைவிட ஐந்து வயது மூத்தவள், நல்ல கறுப்பு. அம்மா மசக்கையில் பாண்டிக்குப் போய் எந்த துரைசானியையோ பார்த்துவிட்டாள் என்று தெருப்பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவளை 'வெள்ளைக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் நீளம். அப்படிக் கூப்பிட்டவர்களில் நான் சண்டைக்குப் போகாத ஆளே கிடையாது. அவளோ, "கூப்ட்டா கூப்ட்டுட்டுப் போறாங்க, உனக்கு இன்னா?" என்று சிரிப்பாள்.

பகலில் அவள் வீட்டுக்குள்தான் இருப்பாள். ஓலைத் தட்டியைச் சாத்திக்கொண்டு, கிழிந்து வருகிற உப்புக்கூடைகளுக்குக் கட்டுப் போடுவாள். கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு, பாதி கையாலேயே பார்த்து வேலை செய்வாள். பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வருவாள். அவசரத்துக்குப் பகலில் ஒரு நடை போய்விட்டு வந்தாலும், உலைத்தண்ணீர் கொதிக்கிற நேரத்துக்குள் மூக்கும் கன்னமும் சிவந்துவிடும். மறுநாள் தோல் உரியும். உரிந்த இடம் மறுபடியும் வெள்ளையாகவே இருக்கும்.

குடை பிடிக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உப்பளத்தைப் பார்க்காதவர்கள். குடை மேலே இருந்து வருகிற வெயிலைத்தான் மறைக்கும். எங்கள் பக்கம் வெயில் கீழே இருந்தும் வரும். பாத்தியில் உப்பு பூத்துக் கிடக்கும்போது தரையே கண்ணைக் குத்தும். ஒரு தடவை அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுவருகிறேன் என்று பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு அவள் வந்தாள். அன்றைக்கு அவளுக்கு மோவாய்க்கு அடியில் வெந்திருந்தது.

அவள் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. எங்களோடு வேலைக்கு வர வேண்டும். மத்தியானம் வரப்பு மேல் எல்லாரோடும் உட்கார்ந்து சோறு தின்ன வேண்டும். சாயங்காலம் நாங்கள் வந்ததும், இன்றைக்கு யார் என்ன குழம்பு கொண்டுவந்தார்கள், யாரைக் கங்காணி திட்டினான், யார் வழுக்கி விழுந்தார்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்பாள். நான் களைத்துப்போய், "எல்லாரும் வந்தாங்க, எல்லாரும் தின்னாங்க, போதுமா" என்று எரிந்து விழுவேன். அதையும் ஒரு கதையாக எடுத்துக்கொண்டு மேலே கேட்பாள்.

அவளுக்குப் பதினாலு வயது நடக்கும்போது, எழுபத்து மூன்றாம் வருஷமோ நாலோ, கன்னத்தில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. அம்மா அவளைத் திண்டிவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா கோபமே இல்லாமல் எங்களைத் திட்டினாள். இந்தப் பெண்ணின் தோலில் வெயிலைத் தாங்குகிற சாயம் இல்லை, பிறவியிலேயே இல்லை, வெயில் பட்ட இடமெல்லாம் ஒருநாள் புண்ணாகும், சில புண் ஆறாது, சில புண் ஆளையே கொண்டுபோகும் என்றாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கன்னத்துப் புண்ணுக்குக் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வெயிலுக்குப் பூசுகிற கிரீம் ஒன்று இருக்கிறது, நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது, பாண்டியில் பிரெஞ்சு சாமான் வைத்திருக்கிற மருந்துக் கடையில் கேளுங்கள் என்றாள். நாங்கள் எழுந்து வாசலுக்கு வந்த பிறகு மறுபடி கூப்பிட்டு, "ஒரே மாதிரி இருக்காதும்மா. தோலைச் சொல்லிக் கேளுங்க. தோலுக்கு ஏத்தமாதிரிதான் குடுப்பாங்க" என்று சொன்னாள். இந்த வார்த்தையை அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள், மறந்துவிடக் கூடாதே என்று.

களிம்பில் அந்தப் புண் ஆறிவிட்டது. பிரெஞ்சுக் கிரீம் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. காரணம் என் கல்யாணப் பேச்சு. பிரம்மதேசத்தில் ஓர் இடம் கூடி வந்திருந்தது. அது உள்ளே விவசாயம் செய்கிற ஊர், எங்கள் உப்பளத்துச் சங்கதி அங்கே அதிகம் போகாது. வெள்ளையாகப் பிறந்த பெண் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்தால், நாளைக்கு எனக்குப் பிறக்கிறதும் அப்படித்தான் பிறக்கும் என்று போய்விடுவார்கள் என அம்மா பயந்தாள். தாலி கட்டும் வரை மூச்சு விடக் கூடாது என்று எங்கள் எல்லாரிடமும் சொன்னாள். பெண் பார்க்க வந்த அன்று தங்கை தானாகவே விடியற்காலையில் கிளம்பி எக்கியார்குப்பத்தில் இருந்த சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. போகாதே என்றும் யாரும் சொல்லவில்லை. தெருவில் அத்தனை பேரிடம் அவளுக்காகச் சண்டை போட்ட நான், அன்றைக்குத் தலை நிறைய பூ வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மாப்பிள்ளைக்கு ஓர் அக்கா. பாண்டியில் வாழ்க்கைப்பட்டு, அங்கே ஒரு பிரெஞ்சுக்கார வீட்டில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தாள். கலகலப்பான மனுஷி. பேசி முடித்த அன்றே என்னை 'அண்ணி' என்று கூப்பிட வைத்துவிட்டாள். பங்குனி மாதம் ரவிக்கைத் துணி எடுக்க என்னைப் பாண்டிக்கு வரச் சொன்னாள். அம்மா தான் சேர்த்து வைத்திருந்த பணத்தை என் முந்தானையில் முடிந்து, அப்படியே அந்தக் கிரீமையும் வாங்கிக்கொண்டு வா என்றாள். அண்ணிக்குத் தெரியாமல் வாங்க வேண்டும், தோலைச் சொல்லியும் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். நானும் சரி என்று தலையாட்டினேன்.

பாண்டியில் எந்தக் கடை எங்கே என்று எனக்கு என்ன தெரியும்? அண்ணியிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. வெயிலுக்குப் பூசுகிற பிரெஞ்சு மருந்து என்றதும், "அட, எங்க வீட்டம்மாவுக்கு நான்தானே வாங்கியாறேன்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே இருந்தது அந்தக் கடை. பிரான்சில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களும் லீவில் வருகிறவர்களும் பெட்டியில் கொண்டுவருகிற சாமான்களை வாங்கி வைத்து விற்பார்களாம். கடைக்காரர் வயதானவர், கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டிருந்தார். பேச்சும் வார்த்தையும் நிதானம். அண்ணி கேட்டதும் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு டியூபும் ஒரு பாட்டிலும் எடுத்து மேஜை மேல் வைத்தார். டியூப் வெள்ளை நிறம். பாட்டில் தேன் நிறத்தில் இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த படத்தில் ஒரு பெண் மணலில் படுத்திருந்தாள்.

அவர் அவசரப்படாமல் விளக்கினார். எல்லாருக்கும் ஒன்றைக் கொடுக்க முடியாது, தோலைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார். டாக்டரம்மா சொன்ன அதே பேச்சு. சிலர் தோல் வெயிலில் சிவக்கும், எரியும், உரியும், கருக்கவே கருக்காது, அவர்களுக்கு இந்த டியூப். கெட்டியான கிரீம், வெயிலை உள்ளே விடாது, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பூச வேண்டும். சிலர் தோல் கொஞ்சம் சிவந்து பிறகு கருக்கும். சிலர் தோல் நேராகவே கருக்கும், அவர்களுக்கு இந்த எண்ணெய் போதும். வறண்ட தோலா, எண்ணெய் வடிகிற தோலா, தேமல் படை ஏதாவது உண்டா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது என்றார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"யாருக்கும்மா? வெயில்ல நின்னா தோல் சிவக்குமா, கருக்குமா?"

அவர் கேட்டதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. சிவக்கும், எரியும், உரியும், கருக்கவே கருக்காது. பதினாலு வருஷமாகப் பக்கத்தில் படுத்து எழுந்து பார்த்த தோல் அது. டியூப் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அண்ணி என் தோளை இடித்துச் சிரித்தாள். உப்பளத்துப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்குள் வெளுக்க வேண்டுமாம் என்று அவரிடம் சொன்னாள். அதில் கேலி உண்டு, விஷம் இல்லை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"எனக்குத்தாங்க" என்றேன். "கருக்கும்."

அவரும் சிரித்தார். உனக்கு இந்த டியூப் எதற்கு, வீண் செலவு என்று சொல்லி அதை எடுத்து மறுபடியும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தேன் நிற பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார். பிரெஞ்சில் அச்சடித்த சீட்டு ஒன்றும் அதோடு இருந்தது.

பஸ்ஸில் வரும்போது என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். எங்கள் வேலையில் எண்ணெய்தான் காப்பு. விடிந்ததும் பாத்தியில் இறங்குவதற்கு முன்பு ஒவ்வொருவரும் முழங்கால் வரை விளக்கெண்ணெயைத் தடவிக்கொள்வோம். அதைத் தடவாமல் உப்புத்தண்ணீரில் நின்றால் கால் பாளம் பாளமாக வெடிக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் சோம்பல்பட்டு, மூன்றாம் நாள் நடக்க முடியாமல் உட்கார்ந்ததை எத்தனையோ பார்த்திருக்கிறேன். கிரீம் என்பது முகத்தில் பூசுகிற மினுக்குச் சாமான், உடம்பைக் காப்பாற்றுவது எண்ணெய்தான், அதிலும் இது பிரெஞ்சு எண்ணெய் என்று நினைத்தேன். கீழ்ப்புத்துப்பட்டு தாண்டுவதற்குள் எனக்கே அது உண்மை ஆகிவிட்டது.

வீட்டில் அம்மா முதலில் கேட்டது, "தோலைச் சொல்லிக் கேட்டியா?" என்பதுதான். கேட்டேன் என்றேன். என்ன சொன்னார் என்றாள். இதுதான் ஏற்றது, விளக்கெண்ணெய் மாதிரி தாராளமாகத் தடவலாம் என்றார் என்று என் வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எண்ணெய் என்பதே அவளுக்கும் பிடித்திருந்தது. அப்பா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நல்ல சரக்கு என்றார்.

தங்கை அதன் மூடியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதோ பூவும் தேங்காயும் கலந்த வாசனை. மறுநாளே உப்பளத்துக்கு வருகிறேன் என்றாள். அம்மா கொஞ்சம் பொறு என்றாள், கேட்கவில்லை. விடிந்ததும் நாங்கள் காலுக்குத் தடவுகிற மாதிரியே, கை, கழுத்து, முகம், காது மடல் என்று ஓர் இடம் பாக்கி இல்லாமல் வழிய வழியத் தடவிக்கொண்டாள். முதுகிலும் பிடரியிலும் நான்தான் தடவிவிட்டேன். எண்ணெய் இருக்கிறதே என்று, எப்போதும் தலையைச் சுற்றிப் போர்த்துகிற துணியைக்கூட அன்றைக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு அவள் மத்தியானம் வரை உப்பு சுமந்தாள். சின்னக் கூடை ஒன்றை அவளுக்கென்று கொடுத்தார்கள். ஈர உப்பில் இருந்து தண்ணீர் ஒழுகி, காது வழியாகக் கழுத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது. கண் கூசினாலும் எனக்குப் பின்னால் என் நடைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வரப்பில் தடுமாறாமல் வந்தாள். வெள்ளைக்காரி என்று கூப்பிடுகிற அதே பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் தூக்குவாளியில் இருந்து ஆளுக்கொரு கை எடுத்து அவள் தட்டில் வைத்தார்கள். கருவாட்டுக் குழம்பு, மாங்காய்ப் பச்சடி, ஏதோ ஒரு கீரை. அவள் வாய் ஓயாமல் பேசினாள். நான் அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. முகம் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். எண்ணெய் மினுமினுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்தில் அவள் முனக ஆரம்பித்தாள். பொழுது சாய்வதற்குள் கழுத்திலும் கைகளிலும் கொப்புளம் எழும்பிவிட்டது. காது மடல் இரண்டும் வீங்கிக் கிடந்தன. துணி பட்டால் அலறினாள். அம்மா கத்தாழையைக் கீறிக் கீறி அந்தச் சோற்றை வைத்துக்கொண்டே இருந்தாள். காய்ச்சல் நாலு நாள் அடித்தது. தோல் உரிந்து அடங்கப் பத்துப் பதினைந்து நாள் ஆனது. அந்த நாட்களில் என்னைத் தவிர எல்லாரும் பேசினார்கள். அப்பா கடைக்காரனைத் திட்டினார். அம்மா தன்னையே திட்டிக்கொண்டாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். பிரெஞ்சு மருந்து நல்ல மருந்துதான், வெள்ளைக்காரர்களே பூசுகிறார்கள், ஆனால் என் மகளின் தோலுக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாது. தங்கையும் அதையே சொன்னாள். நான் கத்தாழை அறுத்துக்கொண்டு வந்து போட்டேன், வாயைத் திறக்கவில்லை. பாட்டிலை அம்மா கொல்லையில் கவிழ்த்துவிட்டாள். அந்தச் சீட்டை மட்டும் நான் எடுத்து என் துணிகளுக்குள் வைத்துக்கொண்டேன்.

வைகாசியில் என் கல்யாணம் நடந்தது. தங்கைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்குப் பாண்டியில் வேலை கிடைத்ததால், அண்ணி வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துக் குடிபோனோம். மூன்றாம் மாதம் ஏதோ விசேஷம் என்று அண்ணி என்னோடு மரக்காணம் வந்தபோது தங்கை ஒளிவதற்கு நேரம் இல்லை. அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் நேராகப் போய் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைக் கோதிவிட்டு, "இதுக்கா இந்தப் புள்ளய ஒளிச்சு வெச்சீங்க? எங்க சித்தப்பா மவனுக்குப் பொறவியிலயே காது கேக்காது. நாங்க இன்னா ஒளிச்சா வெச்சோம்?" என்று கேட்டாள். அம்மா அழுதாள். அண்ணிக்கு அதற்கு மேல் அது ஒரு விஷயமாகவே இல்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் அந்தச் சீட்டை அண்ணியிடம் கொடுத்தேன். அவள் அதைத் தன் வீட்டம்மாவிடம் காட்டிப் படிக்கச் சொல்லி, மறுநாள் வந்து சொன்னாள். அது வெயிலைத் தடுக்கிற மருந்தே இல்லை. வெள்ளைக்காரர்கள் சீக்கிரம் கருப்பாக வேண்டும் என்று பூசிக்கொண்டு கடற்கரையில் படுக்கிற எண்ணெய். சுலபமாகக் கருக்கிற தோலுக்கு மட்டும்தான், சிவந்து எரிகிற தோலில் படவே கூடாது என்று அச்சடித்தே இருக்கிறதாம். சொல்லிவிட்டு அண்ணி என்னையே பார்த்தாள். அன்றைக்குக் கடையில் பக்கத்தில் நின்றவள் அல்லவா. "அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த டியூபை நானே வாங்கிக் குடுத்திருப்பேனே" என்றாள். எந்த மனுஷிக்குப் பயந்து பொய் சொன்னேனோ, அவள்தான் அதைச் சொன்னாள்.

அடுத்த வாரமே டியூபை வாங்கினோம். நானே கொண்டுபோனேன். அம்மா அதைக் கையால் தொடவில்லை. ஒருதரம் சுட்டது போதாதா என்றாள். இது வேறு, இது நல்லது என்று என்னென்னவோ சொன்னேன். அது எண்ணெய், இது கிரீம், அதே கடை, அதே ஊர்ச் சாமான், இது மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளும் என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் ஒன்றுதான் இருந்தது. கடைக்காரர் சரியாகத்தான் கேட்டார், நான்தான் மாற்றிச் சொன்னேன் என்பது. அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். தங்கை டியூபைத் திறந்துகூடப் பார்க்காமல் என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "வேணாங்க்கா. என் தோலுக்கு ஆகாது" என்றாள். நான் அதை மாடத்தில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த தடவை போனபோது அது அங்கேயே தூசி படிந்து கிடந்தது.

பிறகு நாலு வருஷம். அதற்குள் எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் என்னைப் போலவே கறுப்பு. இடது காது மடலில் அவளுக்கு ஒரு சின்னப் பரு வந்தது. ஆறுவது போல இருக்கும், மறுபடி வரும். அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டாள். எனக்குச் சொல்லி அனுப்பியபோது அது கழுத்து வரை இறங்கியிருந்தது. பாண்டியில் பெரிய ஆஸ்பத்திரியில் காதை எடுத்தார்கள். கழுத்தில் இருந்த கட்டியை முழுவதும் எடுக்க முடியவில்லை. இது ஒருநாள் வெயிலில் வந்ததில்லை, பிறந்ததில் இருந்து பட்ட வெயில் எல்லாம் சேர்ந்து செய்தது என்று டாக்டர் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னார். ஆனாலும் அந்த நாலு வருஷம் அவள் அந்தக் கிரீமைப் பூசியிருந்தால் என்று நான் கேட்கவில்லை. கேட்க தைரியம் இல்லை.

கட்டு மாற்றுவதற்கு வசதியாக அவளை எங்கள் அறையிலேயே வைத்துக்கொண்டேன். ஜன்னலைச் சாத்திப் பழைய புடவையைத் தொங்கவிட்டிருந்தேன். இளைத்துப்போய்விட்டாள், பேச்சு மட்டும் குறையவில்லை. என் பிள்ளைகள் நடக்கிற சத்தத்தை வைத்து யார் பெரியது யார் சின்னது என்று சொல்லி அவர்களைச் சிரிக்கவைப்பாள். ஒருநாள் ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த டாக்டர் ஒருவர், வெயிலுக்கு எதுவும் பூசியதே இல்லையா என்று கேட்டார். அவள் எனக்காகப் பரிந்து பேசுகிற மாதிரி, அக்கா பிரெஞ்சு மருந்தே வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள், அவள் மேல் குறை இல்லை, என் தோல்தான் எதற்கும் ஒத்துப்போகாத தோல் என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.

அன்று மத்தியானம், பிள்ளைகள் அண்ணி வீட்டுக்குப் போயிருந்த நேரம், அவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே சொல்லிவிட்டேன்.

"அந்தக் கடையில உன் தோலுக்கு வேற மருந்து இருந்துச்சு. அவரு எடுத்து வெச்சாரு. யாருக்குன்னு கேட்டாரு. அண்ணி பக்கத்துல நின்னாங்க. நான் எனக்குன்னு சொல்லிட்டேன். என் தோலைத்தான் சொன்னேன்."

அவள் ஆடுகிற கண்ணால் என் முகம் இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டட்டும், கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கி என் மேல் எறியட்டும் என்று காத்திருந்தேன். அதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன்.

"அப்போ என் தோலு மேல தப்பு இல்லையாக்கா?"

"இல்ல."

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். அவள் கட்டு இல்லாத பக்கத்துக் கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பெரிய பாரம் இறங்கினவள் போலத்தான் இருந்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொஞ்சம் கழித்து, அம்மாவிடமும் இதைச் சொல்லிவிடு என்றாள். அம்மா தன் வயிற்றைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள், பாவம் என்றாள். நான் சொல்கிறேன் என்றேன். ஐப்பசியில் முதல் மழை பிடித்த வாரம் அவள் போய்விட்டாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது நடந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அம்மா பதினொரு வருஷம் இருந்தாள். கடைசி வருஷங்களில் என்னோடுதான் இருந்தாள். வருகிறவர்கள் யாராவது சின்ன மகளைப் பற்றிக் கேட்டால், பாண்டிக்கே போய் பிரெஞ்சு மருந்து வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம், நான் பெற்ற தோல் அப்படி, எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.